கழுவிவிட்ட குட்டை

வெள்ளிக்கிழமை காலையில் அன்புக்கரசி குட்டைத் தண்ணீரில் பீங்கான் தட்டை முக்கி எடுத்தாள். தட்டின் வெள்ளை அடி பளிச்சென்று தெரிந்தது. அதன்மேல் இமைமுடி நீளத்தில் நாற்பது குஞ்சுகள் கிடந்தன. செவ்வாய்க்கிழமை தண்ணீரில் விடும்போது தட்டில் நிற்காமல் சிதறி ஓடியவை. இன்றைக்கு விரல் நுனியால் தொட்டாலும் அரை அங்குலம் நகர்ந்து நின்றுவிட்டன. தலை மட்டும் பெரிதாக இருந்தது. உடம்பு நூல் மாதிரி சூம்பியிருந்தது.

"தூங்குதுங்களா அண்ணி?" என்றாள் பொற்கொடி. அன்புக்கரசியின் புருஷன் மதிவாணனுக்குத் தங்கை. அடுத்த தெருவில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

"விடிஞ்சி எம்மாம் நேரம் ஆவுது. இன்னும் இன்னாடி தூக்கம்?"

"எங்க வூட்டு ஆளு தூங்கல?"

அன்புக்கரசி சிரிக்கவில்லை. தட்டைச் சாய்த்துத் தண்ணீரைத் திரும்பக் குட்டையிலேயே விட்டாள்.

அது செங்கல் சூளைக்கு மண்ணெடுத்த பள்ளம். வடக்குத்துக் காலனிக்கும் ஊர்க்காரர்களின் கரும்புக் கொல்லைக்கும் நடுவில் இருந்தது. வருஷா வருஷம் பஞ்சாயத்தில் மீன் குத்தகை ஏலம் விடுவார்கள், வருஷா வருஷம் ஊர்க்காரர் சடையப்பன்தான் எடுப்பார். காலனி ஜனங்கள் அதில் துணி துவைத்தார்கள், மாடு கழுவினார்கள். தூண்டில் மட்டும் போடக்கூடாது. இந்த வருஷம், இரண்டாயிரத்துப் பதினாலில், காலனிப் பெண்கள் எட்டுப்பேர் சேர்ந்த குழுவுக்கு ஒரு பருவத்துக்கு மட்டும் விட்டுப் பார்ப்பது என்று தீர்மானம் ஆனது. நுண்குஞ்சு ஒரு லட்சம் விட வேண்டும். பதினைந்தாம் நாள் மீன்துறை அதிகாரி வந்து வலைபோட்டு எண்ணுவார். முப்பதாயிரம் தேறினால் மூன்று வருஷத்துக்குக் குட்டை குழுவின் பெயரில். தேறாவிட்டால் மறுநாளே ஏலம். எட்டுப்பேரில் ஆறுபேர் சாணம் கரைக்கும் நாற்றத்திலேயே விலகிக்கொண்டார்கள். மிச்சம் இவர்கள் இரண்டுபேர்.

ஆடிக்காற்று கிளம்பியிருந்தது. நிலக்கரி மைன்ஸ் பக்கமிருந்து கரித்தூள் வந்து கரையில் காயப்போட்ட புண்ணாக்குச் சாக்கின்மேல் படிந்தது. கிழக்கே அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் புகை ஒரே பக்கமாய்ப் படுத்துக் கிடந்தது.

பத்து மணிக்கு மலர்விழி ஸ்கூட்டியில் வந்தாள். மீன்துறையில் கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் பெண். விலங்கியல் படித்தவள். மைன்ஸ் கம்பெனியின் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்ததால் எந்த ஊர்ப் பேச்சும் ஒட்டாத பேச்சு. கரைக்கு வந்ததும் வண்டியை நிறுத்தாமலே குட்டையைப் பார்த்தாள். பிறகுதான் ஸ்டாண்டு போட்டாள்.

"அக்கா, இது என்ன தண்ணி?"

"குட்டைத் தண்ணிதாங்க மேடம்."

"நான் போன சனிக்கிழமை பார்த்துட்டுப் போனது பச்சையா, கொழகொழன்னு இருந்துச்சே. அது எங்க?"

பொற்கொடி அண்ணியைப் பார்த்தாள்.

மலர்விழி மெல்லிய துணிவலையைத் தண்ணீரில் ஐந்தாறு முறை இழுத்து, அடியில் சேர்ந்ததைக் கண்ணாடிக் குழாயில் விட்டு வெயிலுக்கு நேரே பிடித்தாள். குழாயில் ஒன்றுமே இல்லை. குடிக்கலாம் போலிருந்தது.

"யாரு தண்ணி மாத்தினது?"

"எங்க வூட்ல" என்றாள் அன்புக்கரசி. "திங்கக்கிழம. நாங்க ரெண்டு பேரும் குஞ்சு வாங்கப் போயிருந்தம். அவுரு ஷிப்டு முடிஞ்சி வந்து பாத்துருக்காரு. பச்சையா, நாத்தமா இருக்குது, செவ்வாக்கெழம குஞ்சு வுடும்போது நாலு பேரு வந்து பாப்பாங்க, அசிங்கமா இருக்குமேன்னு மைன்ஸ் வாய்க்கா மடைய தொறந்து வுட்டுட்டாரு. ராவெல்லாம் ஒரு பக்கம் வந்து ஒரு பக்கம் போயிருக்குது. குட்டையையே கழுவி வுட்டுட்டேன்னு சொன்னாரு."

"நீங்க பார்த்தீங்க இல்ல? ஏன்க்கா குஞ்சை விட்டீங்க?"

அன்புக்கரசிக்கு அந்தச் செவ்வாய்க்கிழமைக் காலை ஞாபகம் வந்தது. காற்று அடைத்த பாலித்தீன் பைகளை மடியில் சாய்த்துக்கொண்டு இறங்கியபோது மதிவாணன் லீவு போட்டு, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக் கரையில் நின்றான். பின்னால் குட்டை கண்ணாடி மாதிரி மின்னியது. இருபது நாளாகச் சாணமும் கடலைப் புண்ணாக்கும் கரைத்து ஊற்றிப் பச்சை ஏற்றிய தண்ணீர் எங்கே போனது என்று அவளுக்கு ஒரு கணம் திக்கென்றது. ஆனால் அழகாகத்தான் இருந்தது. மைன்ஸ் தண்ணீரை யார் கெட்டது என்பார்கள்? பூமிக்கு அடியிலிருந்து இறைத்துவிடும் தண்ணீர். ஊர்க்காரர்கள் அதை வைத்துத்தான் மூன்று போகம் எடுக்கிறார்கள்.

"பையில காத்து தீந்துடும்னு பயந்தம் மேடம்" என்றாள். "தண்ணி சுத்தமாதானே இருக்குதுன்னு..."

"சுத்தமா இருக்கிறதுதான் கெட்டது" என்று மலர்விழி மெதுவாகச் சொன்னாள். "முட்டையில இருந்து வந்து மூணு நாளைக்கு வயித்துல ஒரு கரு இருக்கும், அதுல உயிர் வாழும். நாலாம் நாள் வாய் திறக்கும், நீங்க விட்ட அன்னைக்கு. அந்த வாய்க்குள்ள மயிர் அகலம்தான் போகும். சாணத்துல பாசி வருது, பாசியத் தின்னு பூச்சி வருது, கண்ணுக்குத் தெரியாத பூச்சி. அதுதான் இதுக்குத் தாய்ப்பால். பூமிக்கு அடியில இருந்து வர்ற தண்ணியில உயிரே கிடையாதுக்கா. நாலு நாளா இதுங்க பட்டினி."

"நாங்க தவிட்ட சலிச்சிப் போட்டமே."

"வாய் கொள்ளாது. ஓடுறதைப் பார்த்தாதான் பிடிக்கவும் தெரியும். அசையாததைத் தீனின்னே தெரியாது இதுகளுக்கு. அவிச்ச முட்டைக்கரு வேணா கொஞ்சம் எடுக்கும்."

பொற்கொடி ஓடினாள். அரைமணியில் ஆறு முட்டையை அவித்துக்கொண்டு வந்தாள். மஞ்சள் கருவை வேட்டித்துணியில் கட்டிப் பிசைந்து பாலாகப் பிழிந்து கரையோரம் விட்டார்கள். மஞ்சள் புகையாய்ப் பரவி, குஞ்சுகளைத் தாண்டி, மெல்ல அடியில் போய்ப் படிந்தது. மூன்றுபேரும் குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள். ஒன்றிரண்டு குஞ்சுகள் அதற்குள் போய் வெளியே வந்தன. எதுவும் தின்ற மாதிரி தெரியவில்லை.

"மறுபடியும் சாணம் கரைச்சா?" என்று கேட்டாள் அன்புக்கரசி.

"பூச்சி வர அஞ்சாறு நாள் ஆகும். இதுங்களுக்கு அவ்வளவு நாள் இல்லக்கா."

பைக் சத்தம் கேட்டது. சடையப்பன் கரும்புக்குத் தண்ணீர் பார்க்க வந்தவர், காலை ஊன்றி நின்றார்.

"இன்னாம்மா அன்பு, புள்ளைங்க சௌரியமா? தண்ணி ஜோரா இருக்குதே. நான் எடுத்த வருசமெல்லாம் சேறும் சகதியுமா கெடந்துச்சி. நீங்க வந்தப்புறம்தான் குட்டைக்கே ஒரு களை."

"சௌரியந்தாங்க."

"சௌரியமா இருந்தா சரி. பதினஞ்சாம் நாளு நானும் வர்றன் எண்ணிப் பாக்க. எனுக்கு எண்ணிக்கையில எப்பவும் ஆசை." சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

அவர் கரும்புக்குள் மறைகிறவரை மலர்விழி காத்திருந்தாள். பிறகு, இல்லாத யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு இடத்துல பூச்சி இருக்கு. எவ்வளவு வேணும்னாலும் இருக்கு. நான் காலேஜ்ல படிக்கறப்ப அங்கதான் மாதிரி எடுத்தோம். சொல்றதுக்கு எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"சொல்லுங்க மேடம்."

"டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் கழிவெல்லாம் போய் நிக்குதே, கடைசி பிளாக்குக்குப் பின்னால, அந்தக் குளம். காலையில வெயில் ஏறுறதுக்கு முந்தி மேலயே மேகம் மாதிரி மிதக்கும். கொசுவலையில வடிகட்டினா பெருசு மேல நின்னுடும். கீழ எறங்குற பொடிசை மெல்லிசு சேலையில பிடிக்கணும். நல்ல தண்ணியில மூணு தடவை அலசிட்டு இங்க விடணும்."

காற்று மட்டும் சாக்கைப் புரட்டியது.

பொற்கொடிதான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்பிடின்னா டவுன்ஷிப்காரங்க பேண்டத பூச்சி தின்னும், பூச்சிய குஞ்சி தின்னும், குஞ்சி பெருசானா டவுன்ஷிப்காரங்க வாங்கித் தின்னுவாங்க. அவங்களுது அவங்களுக்கே போயி சேருது. நமக்கு இன்னா அண்ணி?"

அன்புக்கரசி அவள் முகத்தைப் பார்க்காமல், "ஒங்க அண்ணன் ஒத்துக்க மாட்டாரு" என்றாள்.

பொற்கொடியின் சிரிப்பு நின்றுவிட்டது.

*

மதிவாணன் இரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்து இரண்டரைக்கு வீட்டுக்கு வந்தான். மைன்ஸில் கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை அள்ளிப்போடும் கான்ட்ராக்ட் வேலை, பதினோரு வருஷமாக. வந்ததும் வீட்டுக்குள் நுழைய மாட்டான். பின்பக்கம் போய் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, காதுக்குள், மூக்குக்குள், நகக்கண்ணில் எல்லாம் சோப்புப் போட்டுக் கரியை எடுப்பான். வேட்டியைத் தானே துவைப்பான். காலனியில் அவனுக்கு 'சோப்பு' என்று பட்டப்பெயர் உண்டு.

அவன் அப்பா ராஜாங்கம் டவுன்ஷிப் சாக்கடைக் குழிகளில் இறங்கியவர். கான்ட்ராக்டர்கள் மாறுவார்கள், குழி மாறாது. பள்ளிக்கூடத்தில் மதிவாணன் உட்காரும் பெஞ்சில் பக்கத்தில் யாரும் உட்காராமல் இருந்த வருஷங்கள் உண்டு. அவர் செத்த அன்றைக்குப் பிணத்தை அவனே மூன்று முறை குளிப்பாட்டினான் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு அந்த வேலைக்குக் கூப்பிட்டு வந்த மேஸ்திரியை வாசலோடு திருப்பி அனுப்பினான். பெல்ட் வேலை கிடைக்கும்வரை ஒரு வருஷம் கரும்பு வெட்டினான்.

அன்புக்கரசி சோறு போட்டு, கத்திரிக்காயும் நெத்திலிக் கருவாடும் போட்ட குழம்பை ஊற்றினாள். அவன் முதல் கவளம் எடுக்கும் முன்னாலேயே சொல்லிவிட்டாள். சாப்பிட்ட பிறகு சொல்லியிருக்கலாம் என்று பிறகு நினைத்துக்கொண்டாள்.

அவன் தட்டிலிருந்து கையை எடுத்தான்.

"எந்தக் கொளம்?"

"கடைசி பிளாக்காண்ட."

"எனுக்குத் தெரியும் எந்தக் கொளம்னு. நீ ஒன் வாயால சொல்றியான்னு பாத்தன்."

"கரையிலேந்தே மொண்டுகினு வந்துடுவங்க. நானும் பொற்கொடியும்."

"அவளுமா?"

"ரெண்டு நாளு. மிஞ்சினா நாலு நாளு. அதுக்குள்ள நம்ம தண்ணி பச்ச கட்டிக்கும்."

மதிவாணன் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். கரண்டு போய் மின்விசிறி நின்றது. ஊருக்கெல்லாம் கரண்டு கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தும் அந்த நேரத்துக்கு அது தினமும் போய்விடும்.

"எங்கப்பன் நாத்தம் போவறதுக்கு எனுக்கு இருவது வருசம் ஆச்சி" என்றான். "நீ ஒரு நாளையில கொண்டாந்துடுவ. நாளைக்கு இந்தக் குட்ட மீன எவன் வாங்குவான்? பீத்தண்ணி மீனும்பான். அப்பறம் நம்மளச் சொல்லுவான். வுட்ட எடத்துலயே வந்து நின்னுட்டானுங்க பாருன்னுவான். சடையப்பன் சொல்லமாட்டானா?"

"சொல்லட்டும்."

"ஒனக்கு ஒண்ணும் இல்ல. ஒங்கப்பாரு கழனி வேல செஞ்சவரு."

"குஞ்சிங்க சாவுதுங்க."

"சாவட்டும்! அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருசம் யாரு குடுப்பா? எத்தினி வருசம் மனு எழுதினம். பஞ்சாயத்து ஆபீசு வாசல்ல எத்தினி நாளு நின்னம். இந்த ஊர்ல ஒரு சாண் தண்ணி நம்ம பேர்ல இருந்துருக்குதா?"

"இல்லாமதான இருந்தம் இத்தினி நாளு."

அவள் சட்டென்று எழுந்தாள். "கழுவினது நீதான?" என்றாள். "யாரு ஒன்ன கழுவச் சொன்னது?"

அதுவரை அவனை அவள் ஒருமையில் பேசியதில்லை. அவன் நிமிர்ந்து பார்த்தான். கோபமில்லை. யாரோ முதுகில் கை வைத்துக் கூப்பிட்டது மாதிரி ஒரு பார்வை. பிறகு தட்டிலேயே கையைக் கழுவினான். தொடாத சோறு தண்ணீரில் மிதந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவன் பொழுது சாயும்வரை மடைப்பக்கம் உட்கார்ந்திருந்தான். திரும்பி வந்தும் சாப்பிடவில்லை.

*

சனிக்கிழமை ஆறு மணிக்கு அவன் ஷிப்டுக்குப் போனான். பின்னாலேயே இரண்டு பெண்களும் இரண்டு பிளாஸ்டிக் குடங்கள், ஒரு கொசுவலை, அன்புக்கரசியின் பழைய மெல்லிய சேலை இவற்றோடு கிளம்பினார்கள்.

டவுன்ஷிப் ரோடுகள் கோடு போட்ட மாதிரி நேராக ஓடின. இரண்டு பக்கமும் மரங்கள். கேன்வாஸ் ஷூ போட்டவர்கள் கையை வீசி நடந்துகொண்டிருந்தார்கள். பால் பாக்கெட் எடுக்கக் கேட்டுக்கு வந்த ஒரு அம்மாள், "வேலைக்கு ஆளு வேணும், வர்றீங்களா?" என்று கேட்டாள். "வேலைக்குத்தாம்மா போயிக்கினு இருக்கம்" என்றாள் பொற்கொடி.

குளத்துக் காவலாளி சிங்காரவேல் பீடியைப் பின்னால் மறைத்தார். "யாரும்மா நீங்க? இங்க வர்றதுக்கு மூக்கு இல்லியா ஒங்களுக்கு?"

"பூச்சி எடுக்க வந்தம்."

"பூச்சியா!"

"மீன் குஞ்சிக்கிங்க. வடக்குத்து. ராஜாங்கம் மருமவ நானு, இது அவுரு மவ."

அவர் பீடியை முன்னால் கொண்டுவந்தார். வெகுநேரம் இருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தார். "ராஜாங்கமா" என்று மட்டும் சொன்னார். பிறகு நகர்ந்து வழிவிட்டார்.

தண்ணீர் கரும்பச்சையாக இருந்தது. நாற்றம் தொண்டையில் இறங்கி நின்றது. கரையிலிருந்து எட்டடி தள்ளி, தண்ணீருக்குள் செங்காவி நிறத்தில் ஒரு புகை நெளிந்துகொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால் புகை முழுக்கத் துடிக்கும் புள்ளிகள். அவ்வளவு உயிர். அன்புக்கரசி நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டாள். கரையிலிருந்து எட்டவில்லை. பழைய சேலையைச் சுழற்றி வீசினால் புகை கலைந்து இன்னும் தள்ளிப் போனது.

"அண்ணி, வேணாம். கரையிலேந்தேதான்னு அண்ணங்கிட்ட சொல்லியிருக்கிற."

அன்புக்கரசி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். இரண்டாவது அடியிலேயே இடுப்புவரை போயிற்று. அடியில் சேறு காலைப் பிடித்து இழுத்தது. வாயை இறுக மூடிக்கொண்டு, பழைய சேலையைப் புகைக்கு அடியில் விரித்துத் தூக்கினாள். கைப்பிடி அளவுக்குச் செந்நிறக் கூழ் சேர்ந்தது. குடத்தில் உதறினாள். மறுபடி விரித்தாள். பதினைந்து முறை. பதினாறாவது முறை நிமிரும்போது கரையில் நின்ற பொற்கொடி முகத்தை மூடி அழுதுகொண்டிருப்பது தெரிந்தது.

"அழுவாத. கொடத்த பாரு. சாஞ்சிடப் போவுது."

*

மூன்று முறை அலசி, கொசுவலைக்குக் கீழே இறங்கிய பொடிப்பூச்சிகளைக் குட்டையில் விட்டபோது மணி பத்து ஆகிவிட்டது. கொஞ்சநேரம் கழித்து மலர்விழி வந்தாள். தட்டில் மொண்டு லென்சை வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இந்தாங்க, நீங்களே பாருங்கக்கா. குஞ்சோட உடம்பு கண்ணாடி மாதிரி. தின்னுருந்தா வயித்துல செவப்பாத் தெரியும்."

அன்புக்கரசி லென்சில் கண்ணை வைத்தாள். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு ஒரு குஞ்சின் நடுவில் ஊசிமுனையளவு சிவப்பு தெரிந்தது. "இருக்குது! தின்னுருக்குது மேடம்!"

"மத்தது?"

மற்றது கிடந்தது. ஒரு பூச்சி குதித்துக் குதித்து அதன் முகத்துக்கு நேராகவே வந்தது. வாயில் இடித்தது. குஞ்சு வாயைத் திறக்கவில்லை. பூச்சி அதைத் தாண்டிப் போய்விட்டது. இன்னொன்று. அதுவும் அப்படித்தான். கண் இருந்தது, வாய் இருந்தது, எதிரில் தீனி இருந்தது.

"ஏன் தின்ன மாட்டேங்குது?"

"ஒரு அளவுக்கு மேல பட்டினி கிடந்தா, அப்புறம் தீனி கொடுத்தாலும் எடுக்காதுக்கா. சாகாது, உடனே. ரெண்டு நாள் இப்படியே மிதக்கும். ஆனா எடுக்காது."

தட்டில் நாற்பத்திரண்டு. சிவப்பு தெரிந்தது மூன்றில்.

"முப்பதாயிரம்?" என்றாள் பொற்கொடி.

மலர்விழி கண்ணாடிக் குழாயைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். மறுபடி வெளியே எடுத்துத் துடைத்தாள். "தின்னுறதுங்களை விட்டுடாதீங்க. அதுங்களுக்குத் தினமும் ரெண்டு வேளை போடணும். சாயங்காலம் ஒரு நடை வேணும்." வேறெதுவும் சொல்லாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

மூன்று மணிக்கு மதிவாணன் கரைக்கு வந்தான். முகமெல்லாம் கரி. வீட்டுக்குப் போகவில்லை, குளிக்கவில்லை. பொற்கொடி அண்ணனைப் பார்த்ததும் எழுந்து தள்ளிப் போனாள்.

அன்புக்கரசி காலையிலேயே நான்கு முறை குளித்திருந்தாள். இருந்தும் அவன் பக்கத்தில் வந்தபோது முழங்காலைச் சேர்த்துக்கொண்டு நகர்ந்தாள். அவன் அந்த நகர்வைப் பார்த்தான். அவள் நகர்ந்த அளவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எத்தினி?" என்றான்.

"தட்டுக்கு நாப்பதுல மூணு."

அவன் கணக்குப் போட்டிருக்க வேண்டும். மடைப்பக்கம் தண்ணீர் கசிவது நின்றிருந்தது. பலகைக்கு இந்தப்பக்கம் களிமண் அப்பி, அதன்மேல் கல் அடுக்கியிருந்தது. நேற்றைக்கு அவன் செய்தது.

"எந்தப் பக்கம் எறங்கின?"

"ரோட்டுப் பக்கம்."

"அது ஆழம்" என்றான். "வடக்கு மூலையில எறங்கணும். அங்க அடியில கல்லு பாவியிருக்கும், முட்டிதான் வரும். எட்டாவது படிக்கறப்ப லீவுல ரெண்டு மாசம் எறங்கினன், அப்பாகூட. ஒனக்குச் சொன்னதில்ல."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க நேத்துலேந்து ஒண்ணும் சாப்புடல" என்றாள்.

அவன் எழுந்து இரண்டு குடங்களையும் சைக்கிளின் இரண்டு பக்கமும் கட்டினான். பழைய சேலையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டான். ரோட்டில் கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன. ஜன்னலிலிருந்து யாரோ, "இன்னா சோப்பு, குடத்தோட எங்க?" என்று கூப்பிட்டார்கள். அவன் நின்று அவர்களிடம் ஏதோ சொல்வது தெரிந்தது. என்ன சொன்னான் என்று இங்கே கேட்கவில்லை. பஸ்ஸில் யாரும் சிரிக்கவில்லை. சைக்கிள் டவுன்ஷிப் பக்கம் திரும்பியது.

அன்புக்கரசி தட்டைக் குட்டையில் முக்கி எடுத்தாள். முப்பது இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றிலும் சிவப்பு இல்லை. தண்ணீரைக் குட்டையிலேயே விட்டுவிட்டு, இரண்டடி நகர்ந்து உட்கார்ந்து, மறுபடியும் முக்கினாள்.